துடைத்தால் போகாத பிசிறு

ஒரு பொருளின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கேமராவுக்குச் சொல்லித் தருவது என் வேலை. வல்லம் வடகாலில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினாறு வருடங்களாக இருக்கிறேன். அதில் கடைசி ஏழு வருடம் கேமராக்களோடு. தினமும் சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் அன்று நடந்ததை நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்த நோட்டிலிருந்து எடுத்தது. ஞாபகத்திலிருந்து எழுதும் இடங்களில் அப்படியென்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் செய்வது கட்டைவிரல் நுழையும் அளவுள்ள ஓர் எஃகு வளையம். காரின் பிரேக்குக்குள் போகிறது. ஒரகடத்தில் இருக்கும் வாடிக்கையாளர் அந்த வளையத்துக்குள் ரப்பர் சீல் ஒன்றைத் தள்ளிப் பொருத்துவார். அதனால் உள்விளிம்பு வழவழவென்று இருக்க வேண்டும். கீழே வெளிச்சம், மேலே கேமரா, நடுவில் வளையம். படத்தில் வளையம் கறுப்பாகவும் ஓட்டை வெள்ளையாகவும் தெரியும். ஆனால் கறுப்பு சட்டென்று வெள்ளையாகிவிடாது. இடையில் நாலைந்து படப்புள்ளி அகலத்துக்குச் சாம்பல் நிறமாக இருக்கும். அந்தச் சாம்பலில் எந்த இடத்தை விளிம்பு என்று எடுத்துக்கொள்வது என்பதில்தான் எல்லாத் தகராறும்.

அந்தச் சமயத்தில் தகராறு முற்றியிருந்தது. கேமரா நல்ல வளையங்களையும் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரே வளையத்தை முப்பது முறை வைத்தால் முப்பது அளவு சொன்னது. சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் லைன் நிற்கும். உற்பத்திப் பிரிவில் என்னைக் கண்டால், "மேடம், உங்க கேமராவுக்கு இன்னிக்கும் மூட் அவுட்டா?" என்பார்கள். மாதம் முடிவதற்குள் சரிசெய்துவிடச் சொல்லி எங்கள் துறைத் தலைவர் கெடு வைத்திருந்தார்.

கேமராவுக்குப் பக்கத்து நாற்காலியில், பகல் ஷிஃப்டில், ஒரு பெண் உட்காருவார். வளையத்தைத் துணியால் துடைத்துக் கேமராவுக்குக் கீழே உள்ள தாங்கியில் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்து, உள்விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ட்ரேயில் அடுக்க வேண்டும். அந்த வேலைக்கு டச் செக் என்று பெயர். அவருக்கு முப்பத்து மூன்று வயது. அதற்கு முன் ஏழு வருடம் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்திருக்கிறார். எங்களிடம் காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது என்பதால் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். அவரைக் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுத்துக்கொள்ள ஒப்புதல் வந்திருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல்.

"பஸ்ஸு வந்துட்டா காலைல முக்கா மணி நேரம் மிச்சம் மேடம்," என்றார் ஒரு நாள். "பொண்ணுக்கு நானே தலை பின்னி வுட்டுடுவேன். இப்போ அதுவே பின்னிக்கினு போவுது. ஒரு ஜடை கிழக்கப் பாக்குது, ஒண்ணு மேற்கப் பாக்குது."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, நான் கேமராவின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"மேடம், ரெண்டு நாளா பிசிறு நெறைய வருது."

"எங்க?"

"ஓட்டை ஓரத்துலதான். கிளவுஸ்ல மாட்டுது."

"துடைச்சுட்டுதானே வைக்கிறீங்க? துடைச்சாப் போகலையா?"

"துடைச்சா எங்க மேடம் போவுது?"

அவர் போட்டிருந்த பருத்திக் கையுறையைப் பார்த்தேன். விரல் நுனியில் நூல் பிரிந்திருந்தது. துடைக்கும் வேஸ்ட் துணியும் நூல் உதிர்கிற ரகம். கணினியில் அன்றைய படம் ஒன்றைப் பெரிதாக்கினேன். உள்விளிம்பில் மெல்லிய நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த படத்திலும் இருந்தது. மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அன்று நோட்டில் இருப்பது இது: "10.40. பிசிறுப் புகார். காரணம்: கையுறை, வேஸ்ட் துணி. விளிம்பைக் கேமரா தவறாக எடுப்பதற்கு இதுவே காரணம். மென்பொருளில் வடிகட்ட வேண்டும்."

நான் கோவில்பட்டிக்காரி. பஞ்சு மில் ஊர். பிசிறு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நூலும் பஞ்சும்தான் தெரியும். வேறு ஏதாவது பொருள் இருக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை. நூல் ஏன் அந்த இடத்திலேயே போய் மாட்டிக்கொள்கிறது என்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

வடிகட்டுவது கடினமான காரியமல்ல. மென்பொருள் ஓட்டையின் நடுவிலிருந்து சுற்றிலும் முந்நூற்று அறுபது கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோட்டிலும் விளிம்புப் புள்ளி ஒன்றைக் கண்டுபிடிக்கும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு வட்டம் வரையும். நான் ஒரு விதி சேர்த்தேன். வட்டத்திலிருந்து விலகி நிற்கும் புள்ளிகளைக் கணக்கில் எடுக்காதே, தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்து வட்டம் வரை. தூக்கிப் போட்ட புள்ளிகள் திரையின் ஓரத்தில் சிவப்பாகத் தெரியும்படி செய்தேன். படப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட சாம்பலைக் கணக்குப் போட்டு, ஒரு படப்புள்ளிக்கும் குறைவான துல்லியத்தில் விளிம்பை எடுக்கவும் எழுதினேன். வெள்ளிக்கிழமை ஒரே வளையத்தை முப்பது முறை வைத்துப் பார்த்தேன். முப்பது அளவும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அந்த வரைபடத்தை அச்செடுத்து நோட்டில் ஒட்டிவைத்தேன். இன்னும் இருக்கிறது.

சனிக்கிழமை லைன் ஒருமுறைகூட நிற்கவில்லை. உற்பத்திப் பிரிவு சமோசா வாங்கிக் கொடுத்தது. மூன்றேகாலுக்கு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், பச்சை காட்டுது. ஆனா பிசிறு அப்படியே கீது."

"இருந்தாப் பரவாயில்ல. இப்போ கேமரா அதக் கண்டுக்காது. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"கைல மாட்டுதே. நான் தள்ளினா, பச்சை வந்ததை எதுக்குத் தள்றன்னு சூப்பர்வைசர் கத்தறாரு. அப்போ வுட்டுடலாமா?"

"விட்டுடலாம்."

இந்தப் பேச்சு நோட்டில் இல்லை. ஞாபகத்தில் இருக்கிறது. சமோசாவின் எண்ணெய் விரலில் இருந்ததால் பேனாவைத் தொடாமல் விட்டிருப்பேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரகடத்திலிருந்து புகார் வந்தது. ரப்பர் சீல்கள் நுழைக்கும்போதே வெட்டுப்படுகின்றன. உடனே ஆள் அனுப்பி, வளையங்களில் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுக்கவும். நானும் இன்னும் நாலு பேரும் வேனில் போனோம். அவர்களுடைய கிடங்கின் பக்கவாட்டில் தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டுக் கொடுத்தார்கள். நான் முதல் வளையத்தை எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, உள்விளிம்பில் விரலை ஓட்டினேன். முக்கால் சுற்றில் விரல் நின்றது. தோலில் ஒரு சின்ன முள் குத்தியதுபோல இருந்தது. எஃகில் துளை போடும்போது மறுபக்கம் பிதுங்கி நீட்டிக்கொள்ளும் துணுக்கு. எங்கள் தொழிற்சாலையில் அதற்குப் பெயர் பர். வளையத்தின் பக்கவாட்டில் எண்ணெய் போவதற்கு ஒரு துளை உண்டு. அதைப் போடும் டிரில் மழுங்கியிருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து பர் உள்ள இருநூற்றுப் பதினான்கு வளையங்களைப் பிரித்தெடுத்தோம்.

திரும்பி வந்ததும் சேமித்துவைத்த படங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் நான் தூக்கிப் போடச் சொன்ன சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நூல் என்றால் ஒரு வளையத்தில் மேலே, இன்னொன்றில் கீழே என்று சிதறி இருக்க வேண்டும். இவை எல்லாமே கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் நின்றன. தாங்கியில் வளையம் ஒரே வாட்டத்தில்தான் உட்காரும், துளை வரும் இடம் அது. ஒன்பது நாளாக என் திரையின் ஓரத்தில் இருந்த விஷயம். நான் பார்த்தது புள்ளிகள் எத்தனை என்பதை மட்டும். அதைத் தினமும் ஒழுங்காக எழுதியும் இருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். "பிசிறுன்னு சொன்னீங்களே, அது என்னது?"

"பிசிறுன்னா பிசிறுதான் மேடம்." அவர் ஒரு வளையத்தை எடுத்து நகத்தால் காட்டினார். "ஓரத்துல நீட்டிக்கினு கீதே, இது. எக்ஸ்போர்ட்ல காலர் ஓரத்துல நீட்டிக்கினு இருக்கும், கட்டரால வெட்டி வுடுவோம். அதே மாதிரிதானே இதுவும்."

"இங்க இதுக்குப் பேரு பர்."

"அதுவா பர்ரு?" என்றார். சுவரில் மாட்டியிருந்த வேலைக் குறிப்பு அட்டையைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருந்தது. அதற்குக் கீழே, பயிற்சி பெற்றதாக, அவருடைய கையெழுத்தும் இருந்தது. "அது ஏதோ மிஷின் பேருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அன்று மதியமே துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தவறு என் விதியில் இருக்கிறது, அந்தப் பெண் இருமுறை சொல்லியும் நான் விடச் சொன்னேன் என்றேன். நோட்டைத் திறந்து பத்து நாற்பது குறிப்பைக் காட்டினேன். துறைத் தலைவர் கெட்டவரல்ல. முழுதும் படித்தார். பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார்.

"மேடம், இது உங்க டைரி. ரெக்கார்டு இல்ல. இதோ, இங்க அரைக் கிலோ கத்திரிக்கான்னு எழுதியிருக்கு. இத கஸ்டமருக்கு அனுப்ப முடியுமா?"

"டைரி வேணாம். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"பதினோரு ஸ்டேஷன்ல இந்த சாஃப்ட்வேர் ஓடுது. கேமரா தப்புன்னு எழுதினா பதினொண்ணையும் நிறுத்துன்னு சொல்லுவான். டச் செக்ல தவறிடுச்சுன்னு எழுதினா ரீ-டிரெய்னிங் ஒண்ணு குடுத்து முடிச்சுடலாம். கேமராவ நீங்க உள்ளுக்குள்ள சரி பண்ணிக்குங்க."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது. டிரெய்னிங்தானே."

நான் அதை நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது. ஆனாலும் நடந்ததை ஏழு வரியில் எழுதி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நோட்டட் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல் பதிலாக வந்தது. காரண அறிக்கை வாடிக்கையாளருக்குப் போனது. இரண்டு நாள் கழித்து அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: தவறவிட்ட ஆள் மீது எடுத்த நடவடிக்கை என்ன? அந்தக் கேள்வி துறைத் தலைவரிடமிருந்து எச்.ஆருக்கும், எச்.ஆரிடமிருந்து காண்ட்ராக்டருக்கும் போனது. காண்ட்ராக்டருக்கு அதற்கு ஒரு பதில்தான் தெரியும்.

எங்கள் கேட்டில் யாரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்று சொல்வதில்லை. அட்டையைக் காட்டினால் கதவு சுழலாது. அவ்வளவுதான். கார்டு செத்துவிட்டது என்பார்கள். திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அந்தப் பெண் செக்யூரிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"காண்ட்ராக்டர் ஆளு வரேன்னாரு. வரட்டும்," என்றார். பிறகு, "மேடம், நீங்கதானே வுட்டுடலாம்னு சொன்னீங்க?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. சரிபார்க்கிற குரல்.

"ஆமா. நான்தான்."

"அத உள்ள சொன்னீங்களா?"

"சொன்னேன். எழுதியும் குடுத்தேன்."

"இன்னா சொன்னாங்க?"

மின்னஞ்சலில் வந்த அந்த ஒற்றைச் சொல்லை என்னால் தமிழில் சொல்ல முடியவில்லை. "பாக்கறோம்னாங்க," என்றேன்.

"மேடம் சொல்லியே பாக்கறோம்னா, நான் சொன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க," என்று சிரித்தார். "நீங்க போங்க, உங்களுக்கு பஞ்ச் லேட் ஆவுது."

உள்ளே போனேன். ஏழு ஐம்பத்தெட்டுக்கு என் அட்டையைக் காட்டியதும் கதவு சுழன்றது.

அடுத்த பதினேழு நாள் நான் செய்தது ஒரே வேலை. விலகி நிற்கும் புள்ளிகளைத் தூக்கிப் போடாமல் தனியாக எடுத்துவைத்தேன். அவை நூல்போல மெலிந்து வளைந்து போகின்றனவா, அடி அகலமாக இருந்து முனை கூர்கின்றனவா என்று பார்க்க ஒரு விதி. துளை இருக்கும் பக்கத்திலேயே திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பார்க்க இன்னொன்று. ஒரகடத்தில் பிரித்தெடுத்த இருநூற்றுப் பதினான்கு வளையங்களும் என் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றையும் பத்து முறை வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதோடு விடாமல், நல்லது என்று விரல் சொன்ன வளையங்களில் ஒரு பெட்டியையும் வைத்துப் பார்த்தேன். அதில் ஆறு வளையங்களில் கேமரா துணுக்கு காட்டியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆறிலும் இருந்தது. விரலுக்குச் சிக்காத அளவு சின்னது.

வேலை நன்றாக முடிந்தால் பேசுவதற்கு எனக்கு ஓர் இடம் கிடைக்கும் என்று எண்ணியிருந்தேன். அறிக்கையை எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்த அறிக்கையின் நகலோடு எச்.ஆர். அதிகாரியிடம் போனேன். தவறு மென்பொருளில் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி, டச் செக்கில் இருந்த பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இளைஞர், பொறுமையானவர். அறிக்கையைத் திருப்பி ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"மேடம், விரல் பரிசோதனைக்குத் தப்பும் துணுக்குகளையும் கேமரா பிடிக்கிறதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா."

"அது கரெக்டா?"

"கரெக்ட்தான்."

"அப்போ டச் செக் எதுக்குன்னு பிளான்ட் ஹெட் கேட்டுட்டார். நேத்தே எடுத்தாச்சு. மத்த ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களையும் பேக்கிங்க்கு அனுப்பியாச்சு. நீங்க சொல்றவங்கள எந்த சீட்டுக்கு எடுக்கறது?"

அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாம். ஆறு வளையங்களும் என் மேசையில் இருந்தன. எப்படி எழுதாமல் இருப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. பேக்கிங்கில் ஓர் இடம் பாருங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றார். கேட் பெஞ்சில் அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன அதே சொல்.

அந்த வார வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணே போன் செய்தார். வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அனுபவச் சான்று கேட்கிறார்கள், காண்ட்ராக்டர் கொடுத்த தாளில் தரக் குறைபாட்டால் விடுவிக்கப்பட்டார் என்று இருக்கிறது. "நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க மேடம். நடந்ததையே எழுதுங்க."

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு எங்கள் கம்பெனி தாளில் சான்று கொடுக்க விதி இல்லை, கேட்டுப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் எழுதினேன். நாலு முறை திருத்தி ஒரு பக்கத்துக்குள் கொண்டுவந்தேன். அவர் இருமுறை எச்சரித்தார், நான் புரிந்துகொள்ளவில்லை, வளையங்களை விடச் சொன்னது நான், அவருடைய விரல் சொன்னது சரி. கீழே என் பெயர், பதவி, போன் எண். இரண்டாவது சனிக்கிழமை எனக்கு விடுமுறை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே, ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில், காலை பத்தேகாலுக்குக் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று உதட்டை அசைத்து முழுதும் படித்தார்.

"நல்லா கீது மேடம். எனக்கே என்னைப் பத்திப் படிக்க நல்லா கீது." தாளைத் திருப்பிப் பார்த்தார். "சீல் இல்லியா?"

"சீல் போட எனக்கு அதிகாரம் இல்ல."

"தமிழ்ல எழுதிட்டீங்களே. அங்க எச்.ஆருல இந்திக்காரரு. இங்கிலீஷ்ல இருந்தாத்தான் படிப்பாரு."

அந்தப் பெண் படிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் தமிழில் எழுதினேன். யாரிடம் காட்டப் போகிறார் என்பதை யோசிக்கவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க, பக்கத்துல எங்கயாவது டைப் பண்ணித் தரேன்," என்றேன்.

"பதினோரு மணிக்கு வரச் சொல்லிக்கிறாங்க." ஆட்டோக்காரர் ஒரகடம், ஒரகடம் என்று கத்திக்கொண்டிருந்தார், ஓர் இடம்தான் பாக்கி. "பரவால்ல, இருக்கட்டும். கேட்டா நானே வாயால சொல்லிக்கிறேன்," என்று தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார்.

அன்று மதியம் ஆங்கிலத்தில் எழுதிப் படம் எடுத்து அவருடைய எண்ணுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கான நீல நிறக் குறி மறுநாள்தான் வந்தது. பதில் வரவில்லை. புதன்கிழமை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். எடுத்தார். பின்னால் நிறையப் பெண்களின் குரல்கள் கேட்டன.

"லைன்ல கீறேன் மேடம், அப்புறம் பேசறேன்."

வேலை ஓடும் லைனா, ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே ஆள் எடுக்கும் வரிசையா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.